மொரீஷியஸ்: கடலோர கோல்ஃப் ரிசார்ட்டிலேயே தங்க வேண்டுமா, வெளியே தங்கிப் போய் ஆடினால் போதுமா?

#1 தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் மொரீஷியஸ் போவதாக இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு கோல்ஃப் பைத்தியம். எனக்கோ பந்து எங்கே விழுந்தது என்று பார்க்கக்கூடப் பொறுமை கிடையாது. கூட வருவது 9 வயதுப் பையனும் மாமியாரும். மாமியார் சுத்த சைவம், மணலில் அதிக தூரம் நடக்க முடியாது.

அவர் பார்த்து வைத்திருப்பது எல்லாமே பெரிய கடலோர ரிசார்ட்டுகள். கிழக்கே பெல் மார் பக்கம் ஒன்று, தெற்கே பெல் ஓம்பரில் ஒன்று. "தங்குபவர்களுக்கு கோல்ஃப் இலவசம்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியில் மனுஷன் விழுந்துவிட்டார். அறை வாடகையைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஏதாவது நல்ல கடற்கரை ஹோட்டலில் தங்கி, அவர் மட்டும் ஓரிரு நாள் போய் ஆடிவிட்டு வந்தால் ஆகாதா? போய்த் தங்கியவர்கள் சொல்லுங்கள். படங்கள் வேண்டாம், வேண்டிய அளவு பார்த்தாகிவிட்டது.

#2 பதினெட்டாம்குழி

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்காக வாதாடிவிடுகிறேன். உங்கள் பக்கம் அப்புறம்.

அவர் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அவ்வளவு சின்னத் தீவில் இத்தனை நல்ல மைதானங்கள் கிடைப்பது அபூர்வம். பெல் மாரில் லெஜண்ட், லிங்க்ஸ் என்று இரண்டு. கொஞ்சம் தெற்கே அனாஹிதா, கோல்ஃப் வீரர் எர்னி எல்ஸ் வடிவமைத்தது. ஈல் ஓ செர்ஃப் என்பது தனிக் குட்டித் தீவு. இன்னொரு வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்து 2003இல் திறந்த மைதானம், படகில்தான் போக முடியும். மேற்கே தமரினா, லெ மோர்ன் மலையடியில் ஒன்று, வடக்கே மோன் ஷுவாசி. பெல் ஓம்பரில் மறுபடி இரண்டு: பழைய ஷாத்தோ, 2023 கடைசியில் திறந்த லா ரிசெர்வ். லா ரிசெர்வை பீட்டர் மட்கோவிச்சோடு சேர்ந்து வடிவமைத்தவர் கோல்ஃப் வீரர் லூயி ஊஸ்ட்ஹைசன். திறந்த கையோடு அங்கே நடந்த மொரீஷியஸ் ஓப்பன் போட்டியை ஜெயித்ததும் அவரேதான். கேள்வித்தாள் தயாரித்தவரே பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கின மாதிரி.

இப்போது அந்த "இலவசம்". பெரும்பாலும் அது கிரீன் ஃபீ, அதாவது மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணம் மட்டும்தான். மைதானத்துக்குள் ஓட்டிப்போகும் குட்டி வண்டியான கோல்ஃப் கார்ட்டுக்குத் தனிக் காசு, சில இடங்களில் கார்ட் கட்டாயம். வாடகை கிளப் (பந்தடிக்கும் மட்டை) செட், பயிற்சி வலையில் அடிக்கிற பந்துக் கூடை எல்லாம் தனி. ஒரு நாளைக்கு ஒரு ரவுண்டு (18 குழி ஆட்டம்) மட்டும்தானா, ஆட்டம் தொடங்க எந்த நேரத்தில் டீ டைம் தருவார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆகஸ்டில் அங்கே குளிர்காலம், மாலை ஆறு மணி வாக்கில் சூரியன் போய்விடும். 18 குழி முடிக்க நாலரை மணி நேரம் பிடிக்கும். "மதியம் இரண்டு மணிக்கு இடம் இருக்கிறது" என்று இலவசத்தைக் கையில் கொடுத்தால், கடைசிக் குழிகளை டார்ச் அடித்துத்தான் ஆட வேண்டும்.

கணக்கு எளிது. தினமும் ஆடுகிற ஆளா? ரிசார்ட்டில் தங்குங்கள். இரண்டு ரவுண்டு போதும் என்கிற ஆளா? வெளியே தங்கிக் காசு கொடுத்து ஆடுவதுதான் லாபம். குடும்பத்தோடு வந்துவிட்டு தினமும் ஆடுகிற தைரியம் அவருக்கு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் 🙂

#3 செந்தாழை

தேன்சிட்டு, நான் உங்க கட்சி. கோல்ஃப் ஆடுற வீட்டுக்காரரோட இந்த மாதிரி ரிசார்ட்டுகளுக்குப் போய் வந்தவ.

ஆடுறவங்க "நாலரை மணி நேரம்"னு சொல்வாங்க. நம்பாதீங்க. காலைல போய் வார்ம்-அப், பந்தைக் குழிக்குள்ள உருட்டுற பட்டிங் பயிற்சி, ஆட்டம், முடிஞ்சு கிளப் ஹவுஸ்ல உட்கார்ந்து எந்தக் குழியில என்ன ஆச்சுன்னு பேசுறது, எல்லாம் சேர்ந்து மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிடும். அந்த அரை நாள் முழுக்க நீங்க, பையன், மாமியார். அதனால மைதானம் எப்படி இருக்குன்றது உங்களுக்குப் பிரச்சினையே இல்ல. அந்த அரை நாளுக்கு அந்த இடத்துல உங்களுக்கு என்ன இருக்கு? இதை மட்டும் பாருங்க.

இன்னொண்ணு. படத்துல கடலும் புல்லும் ஒட்டிக்கிட்டு இருக்கும். நிஜத்துல நிறைய இடத்துல அறையும் கடற்கரையும் ஒரு பக்கம், மைதானம் ரோட்டைத் தாண்டி மறுபக்கம், நடுவுல ஷட்டில் வண்டி. அதாவது நீங்க கடற்கரைல இருந்துக்கிட்டே அவர் ஆடுறதைப் பார்த்து கையசைக்கிறதெல்லாம் விளம்பரத்துல மட்டும்தான். அப்படிப் பார்த்தா, பக்கத்து ஊர் ஹோட்டல்ல தங்கி அவர் இருபது நிமிஷம் வண்டியில போறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

அப்புறம் ஆகஸ்ட்ல கிழக்குக் கரையா? நல்லா யோசிச்சுக்கோங்க. காத்து.

#4 போர்ட்லூயி_வாசி

அன்புடையீர், வணக்கம். நான் மொரீஷியஸ் நாட்டவன். பள்ளியில் தமிழ் படித்தவன். வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி அம்மையார் சொன்னது சரி. எங்கள் தீவுக்கு ஆண்டு முழுவதும் தென்கிழக்கிலிருந்து வணிகக்காற்று வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் வேகம் அதிகம். பெல் மார், த்ரூ தோ தூஸ் போன்ற கிழக்குக் கரை ஊர்கள் அதை நேரே முகத்தில் வாங்குகின்றன. வெள்ளை மணல், நீண்ட கரை, எல்லாம் உண்மை. ஆனால் ஆகஸ்டில் அங்கே கரையில் உட்காருபவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். தெற்குக் கரையிலும் காற்று உண்டு. நடுவில் உள்ள மேட்டுநிலமும் மலைகளும் மறைப்பதால் மேற்குக் கரையும் வடமேற்குக் கரையும் அமைதியாக இருக்கும். த்ரூ ஓ பீஷ், மோன் ஷுவாசி, ஃப்ளிக் அன் ஃப்ளாக் எல்லாம் அந்தப் பக்கம். டிசம்பர் வெயிலில் வருபவருக்கு நான் கிழக்கைச் சொல்வேன், அப்போது அதே காற்று இதமாக இருக்கும். ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

கடற்கரை பற்றியும் ஒன்று. எங்கள் நாட்டில் தனியார் கடற்கரை என்று ஒன்று கிடையாது. கடலோரமாக 81.21 மீட்டர் அகலத்துக்கு அரசு நிலம், பா ஜியோமெத்ரிக் என்று பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. ஹோட்டல்கள் அதைக் குத்தகைக்கு எடுத்துள்ளன. உயர் அலை தொடும் கோடு வரை உள்ள மணல் எல்லோருக்கும் பொது. நீங்கள் எந்த ஹோட்டலில் தங்கினாலும் சரி, எந்த ஹோட்டலிலும் தங்காவிட்டாலும் சரி, பெரிய ரிசார்ட்டின் முன்னால் உள்ள மணலில் நடக்கலாம், கடலில் இறங்கலாம். அவர்களுடைய சாய்வு நாற்காலியில்தான் உட்கார முடியாது. ஆகவே "தனிக் கடற்கரை" என்று யாராவது விலை சொன்னால், அது நாற்காலிக்கான விலை.

#5 கணக்குப்பிள்ளை

எந்த ஊர்ப் பயணத்துக்கும் நான் இங்கே வந்து இதையே புலம்புவேன்: அறை வாடகையை அறை வாடகையோடு ஒப்பிடாதீர்கள், மொத்தச் செலவை மொத்தச் செலவோடு ஒப்பிடுங்கள்.

இந்த மாதிரி ரிசார்ட்டுகளில் பொதுவாக மூன்று தினுசு. காலை உணவு மட்டும், காலையும் இரவும் (ஹாஃப் போர்டு), எல்லாம் அடக்கம். ரிசார்ட் ஊருக்கு வெளியே தனியாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கும் அவர்கள் உணவகத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். நாலு பேர், அதுவும் ஒருவர் சுத்த சைவம். ஹாஃப் போர்டில் தண்ணீர் பாட்டிலே தனி பில்லாக வருகிற இடங்கள் உண்டு. வடக்கே கிராண்ட் பே, த்ரூ ஓ பீஷ் மாதிரி ஊர்ப்பக்கம் தங்கினால் வெளியே நடந்துபோய்ச் சாப்பிடலாம். அந்தச் சேமிப்பிலேயே ஒரு ரவுண்டுக்கான கிரீன் ஃபீ வந்துவிடும்.

வரி: விலையில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்ததா என்று பாருங்கள். 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 3 யூரோ கட்டணம் வேறு இருக்கிறது. 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை, பையன் தப்பித்தான். டாக்ஸிக்கு மீட்டரை நம்பாதீர்கள், ஏறுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். கார் வாடகைக்கு எடுத்தால் நம்மூர் போல இடப்பக்க ஓட்டம்தான்.

#6 தேன்சிட்டு

இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பதில்கள்! நன்றி.

காற்று விஷயத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "காற்று இருந்தால்தான் ஆட்டமே" என்கிறார். இதற்கு நான் என்ன சொல்ல?

#7 பதினெட்டாம்குழி

அவர் சொல்வது சரிதான் மேடம், மன்னிக்கவும். காற்றில்லாத கடலோர மைதானம் ரொம்பச் சுலபமாகப் போய்விடும். லெஜண்டில் 17ஆவது குழி இருக்கிறது. பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிற இடத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். காற்றடிக்கிற நாளில் அதே குழிக்கு எந்தக் கிளப்பை எடுப்பது என்று நின்று யோசிப்பதில்தான் சுகமே.

ஆனால் அதே காற்றில் உங்கள் மாமியார் கரையில் உட்கார முடியாது. ஆகவே தீர்வு: குடும்பம் மேற்கில், அவர் ஆட்டம் கிழக்கில். தீவின் அகலத்துக்கு எங்கிருந்து எங்கே போனாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. காலையில் கிளம்பி ஆடிவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

#8 நெய்தல்

எல்லோரும் எங்கே தங்கலாம் என்று பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன். பவளப்பாறை சூழ்ந்த தீவு அது. அலையை உடைப்பதும், மணலைக் கொடுப்பதும், நீங்கள் எல்லாம் படத்தில் பார்க்கிற அந்த நீலநிறக் காயலை உண்டாக்குவதும் அந்தப் பாறைதான். அதன் கரையில் ஐம்பது அறுபது ஹெக்டேர் புல்லை வளர்த்து, உரம் போட்டு, பூச்சிமருந்து அடித்து, மழை பெய்ததும் எல்லாவற்றையும் காயலுக்குள் வடிய விடுகிறோம். நைட்ரஜன் போனால் பாசி கொழிக்கும், பாசி கொழித்தால் பவளம் மூச்சுத் திணறும். ஏற்கெனவே கடல் சூடாகிப் பவளம் வெளுக்கிறது. 2020இல் வகாஷியோ கப்பல் தரைதட்டித் தென்கிழக்குக் கரை எண்ணெயில் மூழ்கியது. அந்த ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை கட்டி எண்ணெயைத் தடுத்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காத்த கடல் அது.

நாலு பேர் பந்தடிக்க இது தேவையா?

#9 புல்தரை

நான் வளைகுடாவில் கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் வேலை பார்க்கிறவன். நெய்தல் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை, மீதியை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன்.

கடலோர வெப்பமண்டல மைதானங்களில் இப்போது அதிகம் போடுவது பாஸ்பாலம் என்கிற புல். உப்பைத் தாங்கும். உப்புக் கலந்த கிணற்று நீர், சுத்திகரித்த கழிவுநீர் இரண்டிலும் வளரும், குடிநீரை எடுக்க வேண்டியதில்லை. உரமும் பெர்முடா புல்லுக்கு வேண்டியதைவிடக் குறைவு. ஆனால் உப்புத் தண்ணீரையே விட்டுக்கொண்டிருந்தால் உப்பு மண்ணில் தங்கிவிடும். அவ்வப்போது நல்ல தண்ணீர் நிறைய விட்டுக் கழுவி இறக்க வேண்டும், அல்லது பெருமழை வர வேண்டும். அந்தக் கழுவிய நீர் எங்கே போகிறது? அதுதான் கேள்வி. நல்ல மைதானத்தில் சரிவை உள்பக்கமாகத் திருப்பி, குளங்களில் தேக்கி, அதையே திரும்பப் பாய்ச்சுவார்கள். நீங்கள் பார்க்கிற அழகான குளங்கள் எல்லாம் பந்தை விழுங்க மட்டும் வெட்டியவை அல்ல. மோசமான மைதானத்தில் குழாய் நேரே கடலுக்குப் போகும்.

தங்கப் போகிறவர்கள் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. கோர்ஸ் சூப்பரின்டென்டென்ட் என்று மைதானப் பராமரிப்புக்குப் பொறுப்பான ஒருவர் இருப்பார். காலை ஆறு மணிக்கு கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) சுற்றிவருவார். அவரிடம் "தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது" என்று கேளுங்கள். நல்ல வேலை செய்கிறவர் என்றால் அரை மணி நேரம் விடமாட்டார்.

தேன்சிட்டு வீட்டுக்காரருக்கு ஒரு தகவல்: பாஸ்பாலத்தில் பந்து புல்லின் மேலேயே தூக்கலாக நிற்கும், அடிக்க சுகம். ஆனால் விழுந்த இடத்திலிருந்து உருண்டு ஓடாது. கிரீனுக்கு முன்னால் போட்டு உருட்டலாம் என்று நம்பினால் பந்து அங்கேயே படுத்துவிடும்.

#10 போர்ட்லூயி_வாசி

நெய்தல் அவர்களின் கேள்விக்கு என் நாட்டிலிருந்து ஒரு பதில் சொல்ல வேண்டும். இந்த மைதானங்கள் பந்தடிப்பதற்காக மட்டும் வரவில்லை.

எங்கள் தீவு கரும்பால் வாழ்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் சர்க்கரையை நிச்சயித்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. 2006க்குப் பிறகு அந்த விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தார்கள், 2009இல் அந்த ஒப்பந்தமே முடிந்தது. தோட்ட முதலாளிகளிடம் நிலம் இருந்தது, கரும்பில் லாபம் இல்லை. அதற்குச் சற்று முன்பே, 2002இல், வெளிநாட்டவர் எங்கள் நாட்டில் வில்லா வாங்கலாம் என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெறும் நிலத்தில் வில்லா கட்டினால் யார் வாங்குவார்? நடுவில் கோல்ஃப் மைதானம் வைத்துச் சுற்றிலும் வில்லா கட்டினார்கள். அனாஹிதா, தமரினா, பெல் ஓம்பர், மோன் ஷுவாசி, இவை எல்லாம் தோட்ட நிலங்களில் எழுந்தவை. இன்று குறிப்பிட்ட விலைக்கு மேல் வீடு வாங்கினால் வதிவிட அனுமதியும் உண்டு. அந்த வரம்பு 3,75,000 அமெரிக்க டாலர். ஆகவே நீங்கள் தங்கும் அறை, அவர் ஆடும் மைதானம் எல்லாம் அந்த வியாபாரத்தின் முன்வாசல். தங்கியிருக்கும்போது யாராவது வந்து "வீடு பார்க்கிறீர்களா" என்று இனிமையாகக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் போய்விடுவார்கள்.

தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மைதானங்களின் ஓரத்தில் கருங்கற்கள் மதில் போலவும் குவியலாகவும் கிடக்கும். வடிவமைப்பாளர் அழகுக்காக வைத்தவை என்று விருந்தினர் நினைப்பார்கள். எரிமலைத் தீவு என்பதால் எங்கள் மண்ணில் கல் அதிகம். கரும்பு நட நிலத்தைத் திருத்தியபோது கூலிகள் கையால் பொறுக்கி அடுக்கியவை இப்படிக் குவிந்தன. 1834 முதல் 1920 வரை கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து வந்து இறங்கினார்கள். போர்ட் லூயியில் அவர்கள் ஏறிய படிகளான ஆப்ரவாசி காட் இன்று யுனெஸ்கோ உலக மரபிடம். அவர்களில் எங்கள் முன்னோரும் உண்டு. அதற்கும் நூறு ஆண்டு முன்பே பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்திருந்தார்கள். என் பாட்டனார் கரும்பு வெட்டிய நிலத்தில் என் அண்ணன் மகன் இன்று கிரீனைச் செதுக்குகிறான். சம்பளம் பரவாயில்லை, முதுகு வலி குறைவு என்கிறான். நான் இதை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ஆனால் மைதானம் போனால் அங்கே காடு வரும் என்று எண்ண வேண்டாம். வில்லா மட்டும் வரும்.

#11 நெய்தல்

நன்றி ஐயா. வில்லாவுக்கான விளம்பரப் பலகைதான் மைதானம் என்பது இன்னும் மோசமாகத்தான் கேட்கிறது எனக்கு. ஆனாலும் கற்குவியல் விஷயம் தெரியாதிருந்தது.

#12 யாழ்வாணி

இவ்வளவு தூரம் ஏன் போறீங்கள் எண்டு கேட்கலாமோ? அம்பாந்தோட்டையிலையும் கடலோர ரிசோர்ட் ஒண்டு இருக்கு, 18 குழி மைதானத்தோட. இந்தியாவிலயிருந்து கிட்ட. மாமியாருக்குக் கதிர்காமம் கிட்டத்தான், ஒரு மணித்தியாலம் அளவுதான். பெடியனுக்கு யால காட்டிலை யானை, சிறுத்தை பாக்கலாம். ஒண்டு மட்டும்: அங்க கடல் முரடு. குளிக்க ஏலாது, பாத்துக்கொண்டிருக்கலாம்.

#13 செந்தாழை

யாழ்வாணி சொன்னது நல்ல யோசனை, ஆனா 9 வயசுப் பையன் கடலைப் பார்த்துட்டு இறங்காம இருப்பானா! அந்த ஒரு விஷயத்துல மொரீஷியஸை அடிச்சுக்க முடியாது. பவளப்பாறை வெளியில அலையை உடைச்சிடும், உள்ளே இடுப்பளவுத் தண்ணி, கண்ணாடி மாதிரி. ஆனா வெறுங்காலோட இறக்காதீங்க. கடல் முள்ளெலி இருக்கும். கல்மீன்னு ஒண்ணு உண்டு, பாறை மாதிரியே கிடக்கும், மிதிச்சா விஷமுள் ஏறிடும். ரப்பர் அடி வெச்ச கடல் செருப்பு நாலு பேருக்கும் வாங்கிக்கோங்க. எங்கே பாறையில வெட்டு இருக்கோ அங்கே நீரோட்டம் வெளியே இழுக்கும். படகுக்காரங்க கிட்ட கேட்டுட்டு இறங்குங்க.

மாமியாருக்கு: புக் பண்றப்பவே தரைத்தளம், கடலுக்குப் பக்கத்து பிளாக்னு எழுதிக் கேளுங்க. இந்த ரிசார்ட்டுகள் பரந்து கிடக்கும், அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கே நல்ல நடை. கோல்ஃப் கார்ட் மாதிரி ஒரு வண்டி விடுவாங்க, ஆனா கூப்பிட்டுக் காத்திருக்கணும். காலை பத்து மணிக்கு மாத்திரை போடறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

சைவச் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். தீவுல பாதிக்கு மேல இந்திய வம்சாவளி. வெளியே வந்தா தெருவுலயே தோல் பூரி கிடைக்கும், பருப்பு வெச்ச மெல்லிசான ரொட்டி, கூடவே கறி. காத்தோ பிமான்னு ஒண்ணு விப்பாங்க, நம்ம மசால் வடைதான், பேர்தான் பிரெஞ்சு. ரிசார்ட்டு பஃபேல மீன், இறைச்சியோட அகப்பை மாறுற பயம் இருந்தா சமையல்காரர்கிட்ட நேரா பேசுங்க. தனியா செஞ்சு தர்றாங்க, முதல் நாளே சொல்லிடணும்.

#14 போர்ட்லூயி_வாசி

அம்மையார் தவறவிட்டது: எங்கள் கோவில் விசேஷங்களில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவோம். வரும் நாளில் ஏதாவது கோவிலில் விழா இருந்தால் தயங்காமல் உட்காருங்கள், யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள். உங்கள் மாமியாருக்கு எங்கள் பணத்தாளையும் காட்டுங்கள். அதில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு.

#15 நெறியாளர்

வில்லா வாங்குவது பற்றித் தனிமடலில் ஆள் பிடிப்பதாகப் புகார் வந்திருக்கிறது. இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இழை தொடரலாம்.

#16 கணக்குப்பிள்ளை

ஆள் பிடித்தவர் எனக்கும் எழுதினார் 😄 மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன், அத்தோடு சரி.

#17 தேன்சிட்டு

நேற்று ராத்திரி வீட்டில் மாநாடு. இந்த இழையை வீட்டுக்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கற்குவியல் பதிவைப் படித்துவிட்டு மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை, அவருடைய பெரிய தாத்தா "மொரீசுக்குப் போனவர், திரும்பலை" என்றார். எனக்கே இது புதுச் செய்தி.

கடைசியாக ஒப்புக்கொண்டது இது. முதல் பகுதி வடமேற்கில், த்ரூ ஓ பீஷ் பக்கம் கடற்கரை ஹோட்டல், காலை உணவு மட்டும். அவர் பக்கத்திலேயே மோன் ஷுவாசியில் ஒரு ரவுண்டு ஆடுவார். ஒரு நாள் எல்லோருமாகக் கிழக்கே போய், அவர் ஈல் ஓ செர்ஃபில் ஆடுவது, நாங்கள் அந்தத் தீவின் கடற்கரையில் இருப்பது. கடைசி இரண்டு இரவு மட்டும் பெல் ஓம்பரில் பெரிய ரிசார்ட். விமான நிலையம் அங்கிருந்து முக்கால் மணி நேரம் என்பதால் கிளம்புவதற்கும் வசதி. அவருக்கு லா ரிசெர்வ், எனக்கு ஸ்பா. மொத்தச் செலவு அவர் முதலில் சொன்னதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். ஏதாவது ஓட்டை இருக்கிறதா, பாருங்கள்.

#18 பதினெட்டாம்குழி

நல்ல திட்டம். ஈல் ஓ செர்ஃப் நாளில் மட்டும் கவனம். டீ டைமை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், காலை நேரமாகக் கேளுங்கள், பகல் ஏற ஏறக் காற்று கூடும். படகுத்துறையில் மைதானத்துக்கான படகு வேறு, சுற்றுலாப் பயணிகளுக்கான படகு வேறு. நீங்கள் பிந்தையதில் போக வேண்டியிருக்கலாம், அதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மைதானம் 38 ஹெக்டேர்தான், அதற்குள் 18 குழி. அதாவது இடம் குறுகல், சுற்றிலும் தண்ணீர், சதுப்புமரம், எரிமலைக் கல். ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 20க்கு மேல் என்றால் பை நிறையப் பந்து வேண்டும். பந்தை எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள், மனசு விட்டுப்போகும். ஹேண்டிகேப் சான்றிதழ் கையில் இருக்கட்டும், காலர் வைத்த சட்டை, மென்முள் ஷூ. ஜீன்ஸில் போனால், ஆட்டக்காரர்களை முதல் குழியில் அனுப்பிவைக்கும் ஸ்டார்ட்டர் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்.

அந்தத் தீவின் பொதுக் கடற்கரை மதியம் சந்தைக்கடைதான், படகு படகாக ஆள் வந்து இறங்குவார்கள். நீங்கள் மூவரும் காலையிலேயே நல்ல நிழல் பிடித்துவிடுங்கள். பெரியவருக்கு மடக்கு நாற்காலி ஒன்று கையோடு.

#19 செந்தாழை

பெல் ஓம்பர்ல அந்த ரெண்டு நாளும் அவர் ரெண்டு ரவுண்டு ஆடுவார்னு இப்பவே எழுதித் தர்றேன். ஒரு காலை உங்களுக்குன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. பக்கத்துல லெ மோர்ன் மலை இருக்கு, அடிமைத்தனத்திலிருந்து தப்பினவங்க ஒளிஞ்சிருந்த மலை, அதுவும் யுனெஸ்கோ இடம். ஏற வேண்டாம், அடிவாரக் கடற்கரைக்கு வண்டியிலயே போயிடலாம், மலை காத்தை மறைக்கிற பக்கமா உட்காருங்க. ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும் திமிங்கிலம் வர்ற நேரம், மேற்குக் கரைலருந்து படகு போகுது. பையனைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா திமிங்கிலத்தைத் துரத்துற படகா இருந்தா ஏறாதீங்க, தூரத்துல நிறுத்துறவங்களா பார்த்துப் போங்க.

#20 நெய்தல்

கடைசி வரிக்கு நன்றி செந்தாழை. சன்ஸ்கிரீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுக்கைக் கடல் உடுப்பு போட்டால் பாதி சன்ஸ்கிரீன் மிச்சம், பவளத்துக்கும் நல்லது.

#21 பந்துதேடி

வணக்கம். நான்தான் அந்த வீட்டுக்காரர். இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். ஒரு காலையை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், சாட்சிக்கு அம்மா.

ஒரே ஒரு சந்தேகம். நான் இடதுகை ஆட்டக்காரன். கிளப் பையைத் தூக்கிக்கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

#22 பதினெட்டாம்குழி

வாருங்கள் சார்! மூன்று ரவுண்டுதான் என்றால் வாடகை போதும். ஆனால் இடதுகை செட் எல்லா மைதானத்திலும் ஒன்றோ இரண்டோதான் வைத்திருப்பார்கள். மூன்று மைதானத்தின் புரோ ஷாப்புக்கும் (கோல்ஃப் சாமான் கடை) இன்றைக்கே மின்னஞ்சல் போட்டு, உங்கள் பேரில் எடுத்துவைத்ததாகப் பதில் வாங்குங்கள். ஒரு இடத்திலிருந்து பதில் வரவில்லை என்றாலும் சொந்தப் பையையே எடுத்துப் போங்கள், விமான நிறுவனத்தில் விளையாட்டுச் சாமான் என்று முன்பே பதிவு செய்துவிட்டு. கையுறையும் ஷூவும் எப்படியானாலும் உங்களுடையதே இருக்கட்டும்.

#23 புல்தரை

பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) மட்டும் கைப்பெட்டியில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.